கணினிக்கும் பாடு வேண்டும்

எனிடெஸ்க் என்ற பெயர் தமிழ்நாட்டில் பலருக்கும் ஒரு மோசடியின் பெயராகத்தான் அறிமுகமானது. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அந்தச் செயலியைப் பெயர் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. பேச்சில் மயக்கிச் செயலியை நிறுவ வைப்பார்கள். திரையில் தோன்றும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குவார்கள். உரியவரே கொடுத்த அனுமதியோடு அவருடைய கைப்பேசிக்குள் புகுந்து யுபிஐ வழியாகப் பணத்தை எடுத்துவிடுவார்கள். 2022ல் இதே வித்தை மின்வாரியத்தின் பெயரில் ஊர் ஊராகப் போனது. 'பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியிடம் பேசவும்' என்று குறுஞ்செய்தி வரும். பதறிப்போய் அழைத்தவரிடம், திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். மின்வாரியமும் காவல்துறையும் திரும்பத் திரும்ப எச்சரித்தன. ஆனாலும் எல்லா வகை இணைய மோசடிகளிலும் சேர்த்து 2024ல் இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. நிலைமை இப்படி இருக்கும்போது, வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து திறந்து பயன்படுத்த ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று பழவேற்காட்டு மீனவக் குடும்பங்களிடம் சொல்வது விபரீதமாகத் தோன்றலாம். அதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. அந்த ஏற்பாட்டைத் தன் கையாலேயே ஒழுங்காகச் செய்துகொண்ட குடும்பம், அதே கருவியை வைத்து ஏமாற்ற வருகிறவனை முதல் வாக்கியத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும். 'தொடாதே' என்ற எச்சரிக்கை மட்டும் கேட்டு வளர்ந்த குடும்பத்துக்கு அது முடியாது.

பழவேற்காட்டுக்கு இது எதற்கு என்ற கேள்வி முதலில் வரும். கோட்டைக்குப்பமோ நடுக்குப்பமோ ஆண்டிக்குப்பமோ, இன்றைக்கு எந்தக் குப்பமும் பழவேற்காட்டு ஏரியை மட்டும் நம்பி இல்லை. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோவதும், வடசென்னையின் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் நெருங்கி வந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டன. பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, மீன்வளக் கல்லூரி இருக்கிறது. வேலை என்றால் எண்ணூர், கும்மிடிப்பூண்டி, அதையும் தாண்டினால் சென்னை. படிக்கிற, வேலைக்குப் போகிற ஆள் ஓரிடம். வீட்டில் இருக்கிற ஒரே கணினி வேறிடம். 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கணினியையே கண்டிராத வீடுகளுக்குள் ஒரு கணினியைக் கொண்டுவந்தது. ஆனால் அண்ணன், தங்கை, அம்மாவின் சுய உதவிக் குழுக் கணக்கு என்று மூன்று நான்கு தேவைகளுக்கு அது ஒன்றுதான். கூலி வேலையில் தங்கியிருக்கும் அறையிலிருந்து கைப்பேசி வழியாக அந்தக் கணினியைத் திறந்து, பாதியில் நிற்கும் புராஜெக்ட்டை முடிக்கலாம். குழுக் கணக்கில் விழுந்த பிழையை அம்மாவோடு சேர்ந்து பார்த்துத் திருத்தலாம். இன்னொரு லேப்டாப் வாங்க முடிந்தவருக்கு இது வசதி. வாங்க முடியாதவருக்கு இதுவே வழி.

ஆனால் தேவை எவ்வளவு என்பதை அளந்துகொண்டுதான் இறங்க வேண்டும். சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் மீனவர் அட்டையின் நகலும் எங்கிருந்தாலும் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றால் முழுக் கணினியையும் தொலைவிலிருந்து திறக்கவே வேண்டாம். அந்தச் சில கோப்புகளை மட்டும் டிஜிலாக்கரிலோ கூகுள் டிரைவிலோ வைத்தால் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தை வெள்ளத்தில் மூழ்கடித்ததுபோல் இன்னொன்று வந்து, கணினியே நனைந்துபோனாலும் கோப்பு தப்பிக்கும். கணினியில் மட்டுமே இருக்கிற மென்பொருள் வேண்டும், அதில் உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்றால் மட்டுமே அடுத்த படி.

அந்த அடுத்த படியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பழவேற்காடு வேறு எவரிடமும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஏரியில் பாடு முறை தலைமுறைகளாக நடந்து வருகிறது. ஆய்வாளர் செபாஸ்டியன் மேத்யூ 1991ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்புக்காக அதை விரிவாக எழுதினார். பின்னால் சாரா கூல்தார்டு போன்றவர்களும் ஆராய்ந்தார்கள். இறால் நன்றாகப் படும் இடங்களை எல்லாரும் ஒரே நேரத்தில் வளைத்துக்கொள்ள முடியாது. தலைக்கட்டாகப் பதிவானவர்களுக்குள் சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ஊர் முடிவுசெய்கிறது. முறை சுற்றி வருகிறது. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அது நாளைக்கும் சொந்தமில்லை. எந்த வலை கட்டலாம் என்பதற்கும் வரையறை உண்டு. மீறினால் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். யாருக்கு, எங்கே, எப்போது, எதைக் கொண்டு என்ற நான்கும் சொல்லப்படாமல் அங்கே அனுமதி என்று ஒன்று கிடையாது. தொலைவிலிருந்து கணினியைத் திறப்பதில் உலகம் முழுக்க நடந்த பெரும் சேதங்களை எடுத்துப் பார்த்தால், இந்த நான்கில் ஒன்றோ இரண்டோ வரையறுக்கப்படாமல் விடப்பட்டதைத்தான் காண்கிறோம்.

பாடு முறையை அப்படியே போற்றிவிடவும் முடியாது. அந்த உரிமை பிறப்பால் வந்தது. குறிப்பிட்ட சில குப்பங்களின் பட்டினவர் குடும்பங்களுக்கே அது உரியதாக இருந்தது. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறிய பிறகு ஏரிக்கு வந்த மற்ற சாதியினருக்கும் பாடு வைத்திருந்தவர்களுக்கும் இடையே நடந்த மோதல்கள் பதிவாகியிருக்கின்றன. சேற்றில் கைவிட்டு இறால் தடவிப் பறியில் சேர்க்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டில் பெயர் இருந்ததில்லை. ஆகவே பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வரையறுக்கும் ஒழுக்கத்தை மட்டுமே, உரிமைக்கான அளவுகோலை அல்ல. கணினியில் அளவுகோல், வேலையின் தேவை மட்டுமே. மகனுக்கு வேலை இருக்கிறது, அவன் பெயர் பட்டியலில் இருக்கட்டும். சொந்தக்காரர், தெரிந்தவர், கடைக்காரர் என்பதற்காக எவர் பெயரும் இருக்க வேண்டியதில்லை.

இனி ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. அது 3389 என்ற எண் கொண்ட போர்ட்டில், அதாவது வலையமைப்பு வாசலில், அழைப்புக்குக் காத்திருக்கும். ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் வீட்டுக் கணினிக்கு வரலாம் என்று சொல்லிக்கொடுக்கும் யூடியூப் காணொளிகள் ஏராளம். செய்யவே கூடாதது அதுதான். கடலோரத்தில் ஒரு சின்ன வீட்டுக் கணினியை எவன் தேடி வரப்போகிறான் என்று கேட்பார்கள். யாரும் தேடுவதில்லை, எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கிறார்கள். பழைய முறை இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. அத்தனையையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் சோதித்துவிடலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013லேயே ஜீமேப் என்ற கருவியால் செய்து காட்டினார்கள். பழவேற்காடு, பாரிஸ் என்ற வேறுபாடு அந்த நிரலுக்குத் தெரியாது. பதில் சொல்லும் கணினி கிடைத்ததும் இன்னொரு நிரல் கடவுச்சொற்களை ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்க்கும். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதற்கென்றே ஒரு பொது எச்சரிக்கை வெளியிட்டது. கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் கும்பல்கள் அதிகம் நுழையும் வழிகளில் இது ஒன்று.

கடவுச்சொல் நீளமாக இருந்தால் போதாதா? 2019 மே மாதம் வெளிப்பட்ட புளூகீப் என்ற ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. திருத்தம் போடாத பழைய விண்டோஸில் போர்ட் திறந்திருந்தால் போதும், உள்ளே வந்துவிடலாம். நிலைமையின் தீவிரம் கருதி, 2014லேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. போர்ட் எண்ணை 3389லிருந்து வேறொன்றாக மாற்றினால் தப்பிக்கலாம் என்பதும் வீண் நம்பிக்கை. தேடும் நிரல் எல்லா எண்களையும்தான் தட்டுகிறது. இங்கே இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. பழைய மடிக்கணினி இன்னும் ஓடுகிறதே என்ற மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் திருத்தம் வராத கணினியைத் தொலைவிலிருந்து திறக்கும்படி வைப்பது நியாயமில்லை. அதில் லினக்ஸ் ஏற்றிக்கொள்வது செலவில்லாத வழி.

சரியான வழி, கணினி யாருக்கும் தெரியாமலே இருந்து, பட்டியலில் உள்ள கருவிகளுக்கு மட்டும் பதில் சொல்வது. அதற்குத்தான் விபிஎன். இந்தச் சொல்லைக் கேட்டதும் தடைசெய்த தளங்களைப் பார்க்கும் குறுக்குவழி என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நாம் சொல்வது, வீட்டுக் கணினிக்கும் மகனுடைய கைப்பேசிக்கும் இடையே இணையத்தின் வழியாகவே போடப்படும் ஒரு தனிப்பாதை. வயர்கார்டு என்ற மென்பொருள் 2020ல் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்க்கப்பட்டது. அதன் நிரல் சுமார் 4,000 வரிதான். வல்லுநர் ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு அது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாவி உண்டு. பட்டியலில் இல்லாத சாவியோடு எது வந்து தட்டினாலும் வயர்கார்டு மறுப்புக்கூடச் சொல்லாது, மௌனமாக இருந்துவிடும். தட்டியவனுக்கு அங்கே ஒரு கணினி இருப்பதே தெரியாது. வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். கணினியிலும் கைப்பேசியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் பாதை தானாகப் போட்டுக்கொள்ளும். குப்பங்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தருகின்றன. மொபைல் டேட்டாவில் ஓடும் வீட்டில் போர்ட்டைத் திறக்கும் முறை பெரும்பாலும் வேலையே செய்யாது. இந்தத் தனிப்பாதை முறை அங்கும் வேலை செய்யும்.

பாதை போட்ட பிறகு உள்ளே என்ன நடக்கலாம் என்பதையும் வரையறுக்க வேண்டும். தொலைவிலிருந்து நுழைவதற்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, நிர்வாகி அதிகாரம் இல்லாமல் வைக்க வேண்டும். கடவுச்சொல் நான்கைந்து தொடர்பில்லாத தமிழ்ச் சொற்களாக இருந்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற இணைப்புச் சேவையின் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். விண்டோஸின் ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து நுழையும் ரிமோட் டெஸ்க்டாப் வசதி கிடையாது. அதற்குப் புரோ பதிப்பு வேண்டும். ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தலாம். கூகுள் கணக்கோடு குறைந்தது 6 இலக்க பின் எண்ணும் அது கேட்கும். கணினி உறங்கிவிட்டால் எதுவும் வேலை செய்யாது, மின்சாரம் போனாலும் அப்படியே. வீட்டில் இருப்பவர் கணினியை எழுப்பிவிட வேண்டியிருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். வேலை இருக்கும்போது மட்டும் அம்மா கணினியை எழுப்புகிறார், வேலை முடிந்ததும் மூடுகிறார் என்றால், 'எப்போது' என்ற கேள்விக்கு அதைவிடத் திடமான பதில் எந்த மென்பொருளிலும் இல்லை.

இவ்வளவும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சேவையை நம்பித்தானே என்ற ஆட்சேபம் நேர்மையானது. எனிடெஸ்க் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததை 2024 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூனில் அதே வகைச் செயலி தரும் டீம்வியூவர் நிறுவனம் தன் அலுவலக வலையமைப்பில் ஊடுருவல் நடந்ததை அறிவித்தது. அந்தத் தொழிலையே செய்கிறவர்களுக்கும் நடந்தது, நம் வீட்டுக்கும் நடக்கலாம். ஆகவேதான் எந்த ஒரு நிறுவனத்தின் வாக்குறுதியையும் முழுப் பாதுகாப்பாகக் கொள்ளாமல், பாதைக்கு ஒரு சாவி, கணினிக்கு வேறு கடவுச்சொல், உள்ளே குறைந்த அதிகாரம் என்று அடுக்கடுக்காக வைக்கிறோம். ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கும். நம் நாட்டில் விபிஎன் சட்டவிரோதமா என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, பொதுமக்களுக்கு விபிஎன் சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. சொந்தக் கைப்பேசிக்கும் சொந்தக் கணினிக்கும் இடையே ஒரு குடும்பம் போட்டுக்கொள்ளும் பாதையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் வேறு. தொலைவிலிருந்து திறக்கும் செயலியை வீட்டுக்கு வீடு பழக்கிவிட்டால், மோசடிக்காரனின் வேலையை நாமே பாதி முடித்துக் கொடுத்தது ஆகாதா? அம்மாவுக்கு ஏற்கெனவே பழகிய செயலி என்றால் அவன் சொன்னதும் திறந்துவிட மாட்டாரா? மோசடி எந்த இடத்தில் ஜெயிக்கிறது என்று பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அந்த 9 இலக்கம் தன் திரையையே அடுத்தவன் கையில் கொடுக்கும் எண் என்று தெரிந்தவர் ஏமாறுவது அரிது. அது ஏதோ புகார் எண், சரிபார்ப்பு எண் என்று நினைப்பவர்தான் வாசித்துக் காட்டுகிறார். பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள் என்று வங்கி சொன்னதை அவர் மறக்கவில்லை, இதுவும் ஒரு பாஸ்வேர்டு என்பதுதான் அவருக்குத் தெரியாது. மகன் எண்ணூரிலிருந்து நுழையும்போது தன் திரையில் அம்பு தானாக நகர்வதைக் கண்ட தாய்க்கு, யாரோ ஒரு 'அதிகாரி' அதே எண்ணைக் கேட்கும்போது எதைக் கேட்கிறான் என்று புரியும். கூடவே ஒரே ஒரு விதி வேண்டும். நாம் அழைத்தால்தான் இணைப்பு, நம்மை அழைத்தவருக்கு இணைப்பு இல்லை. மின்வாரியம், வங்கி, கூட்டுறவுச் சங்கம், மீன்வளத்துறை என்று யார் பெயரைச் சொன்னாலும் இந்த விதி மாறாது. நிவாரணமும் மானியமும் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும் காலத்தில், நிவாரணம் நிற்கிறது, சரிசெய்து தருகிறோம் என்று வரும் அழைப்புக்கு மீனவக் குடும்பங்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தில்தான் மோசடிக்காரன் கை வைக்கிறான்.

அறியாமையின் விலையைச் சட்டமும் பங்குபோட்டுக்கொள்வதில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியின்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாம் தரப்பால் பணம் போனால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் அவருடைய இழப்புதான். எண்ணைத் தானே வாசித்துக் கொடுத்தவரை வங்கி எந்தப் பட்டியலில் வைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பணம் போனது தெரிந்த நிமிடமே செய்ய வேண்டியது இரண்டு. கருவியின் இணையத் தொடர்பைத் துண்டிப்பது, வேறொரு கைப்பேசியிலிருந்து இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் அழைப்பது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்திவைக்க அந்த முதல் மணிநேரத்தில்தான் வாய்ப்பு அதிகம்.

பெரிதாகப் பேசப்படாத ஓர் ஆபத்து கணினி பழுதுபார்க்கும் கடை. தூரத்திலிருந்து சரிசெய்ய வசதியாக ஒரு ரிமோட் செயலியை நிறுவி, ஆள் இல்லாதபோதும் நுழையும்படி நிரந்தரக் கடவுச்சொல் போட்டுவைப்பது அந்தத் தொழிலில் சாதாரணம். பெரும்பாலும் கெட்ட நோக்கம் எதுவும் இராது. ஆனால் அந்தக் கடவுச்சொல் கடையில் யார் யாருக்குத் தெரியும், வேலையை விட்டுப் போன பையனுக்கும் தெரியுமா என்பதை வீட்டுக்காரர் அறிய வழியில்லை. பழுது முடிந்ததும் அந்தச் செயலியை நீக்கச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை, அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. நுழையும் கருவிகளின் பட்டியலை மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, விற்ற கைப்பேசியையும் தொலைந்த கைப்பேசியையும் பெயர் தெரியாத கருவியையும் நீக்கிவிட வேண்டும். பாட்டிலும் யாருக்கு எந்த இடம் என்று மறுபடி மறுபடி சீட்டுப் போடுகிறார்களே.

இதையெல்லாம் ஒரு குடும்பம் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விடுவது நியாயமில்லை. புதுச்சேரி வட்டாரத்துக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1998ல் தொடங்கிய தகவல் மையங்கள் இதற்கு முன்னுதாரணம். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உலகின் மறுகோடியில் இருந்த தகவலை அந்தக் குப்பம் தன் தேவைக்குத் தன் மொழியில் வளைத்துக்கொண்டது. அதற்கு வேண்டியிருந்தது ஒரு கணினியும், சொல்லிக்கொடுக்க ஆளும், ஊரின் சம்மதமும். இன்று பழவேற்காட்டுப் பகுதியில் பள்ளிகள் இருக்கின்றன, மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, பொன்னேரியில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். மாவட்ட சைபர் கிரைம் காவலர்கள் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தும்போது துண்டறிக்கை கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், இரண்டு மடிக்கணினிகளை மேசையில் வைக்கலாம். வந்திருக்கும் பெண் ஒருவர் ஒன்றிலிருந்து மற்றதைத் தானே திறக்கட்டும். அனுமதி கேட்டு வரும் பெட்டியை அவரே வாசித்துச் சம்மதமோ மறுப்போ அழுத்தட்டும். பிறகு இணைப்பைத் துண்டித்து, பட்டியலிலிருந்து அந்தக் கருவியின் பெயரை அவர் கையாலேயே நீக்கட்டும். அரை மணிநேரத்துக்குமேல் பிடிக்காது.